தேய்க்காதீங்க, அது கரியில்ல

சட்டி விற்பது லேசான வேலை. விற்ற சட்டி திரும்பிக் கடைப்படி ஏறி வருகிற அன்றைக்குத்தான் யாவாரம் என்றால் என்னவென்று விளங்கும். துணிக்கடையில், செருப்புக்கடையில், போன் திருத்துகிற கடையில் நிற்கிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. "நீங்க தந்ததுதான்" என்று ஒரு பையை மேசையில் வைப்பார்களே, அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கு ஒரு காலத்தில் அது காலையிலிருந்து கடை சாத்தும் வரைக்கும் கேட்டது.

என் பெயர் றிஸானா. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு வீட்டுப் பாவனைச் சாமான் கடையில் நிற்கிறேன். நான் விற்பது நொன்ஸ்டிக் சோஸ்பேன், எங்கள் சனங்களின் வாயில் அது ஒட்டாத சட்டி. சட்டிதானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அதில் பால் காய்ச்சி, அடியில் ஒரு பொட்டுக்கூடப் பிடிக்காமல் அப்படியே வழுக்கி ஊற்றுவதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது குசினி அடுப்பருகே நின்று கைதட்டினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

மூலை கிடைத்த விதம்

முதலில் நான் பில் மேசையில் இருந்தேன். திரும்பி வருகிற சாமானெல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நொன்ஸ்டிக் சட்டிகள் வரிசையாக வந்தன. ஒன்றில் கீறல், ஒன்றில் தோல் உரிந்திருந்தது, ஒன்றின் பிடி உருகித் தொங்கியது. எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன், ஆனால் அலுமினியத்தோடு வளர்ந்தவர். மின்னாத சாமானை அவர் மனசு ஒப்புக்கொள்ளாது. மிச்சமிருந்த நொன்ஸ்டிக் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக் கொழும்புக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் நேரே சொன்னேன். சட்டியில் பிழையில்லை ஹாஜியார், எப்படிப் பாவிக்கிறதென்று ஒருத்தருக்கும் சொல்லாமல் விற்கிறோம், அதுதான் பிழை, நொன்ஸ்டிக் வைத்திருக்கிற அந்த மூலையை என்னிடம் தாருங்கள் என்றேன். அலுமினியப் பக்கம் நிற்கிற இப்றாகிம் காக்கா கடையில் எல்லோருக்கும் மூத்தவர், அண்ணன் மாதிரி. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுவரைக்கும் எங்கள் கடையில் ஒரு பெண் பிள்ளை ஒரு பகுதியைப் பொறுப்பெடுத்து நின்றதில்லை. ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி போட்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாருங்க மகள். அதுக்குப் பொறகும் சட்டி திரும்பி வந்தா, சட்டி கொழும்புக்குப் போகும், நீங்க பில் மேசைக்குப் போவீங்க."

எண்ணெய் இல்லாத முட்டை

மூலை கிடைத்த சந்தோசத்தில் எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அடுத்த நாளே கடை வாசலில் ஒரு மேசை போட்டேன், கேஸ் அடுப்பை வைத்தேன், ஒரு புதுச் சட்டியை ஏற்றினேன். எண்ணெய் ஒரு சொட்டும் விடாமல் முட்டை பொரித்துக் காட்டப்போகிறேன் என்று உரக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஓட்டோக்காரர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள் என்று நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது.

கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கதை வந்துவிடும். முட்டையைக் கையில் பிடித்தபடி அடிக்கனத்தைப் பற்றிச் சொன்னேன், மூடியைப் பற்றிச் சொன்னேன், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிற தாய்மாரின் கஷ்டத்தைப் பற்றிச் சொன்னேன். கீழே நெருப்பு முழு வேகத்தில் எரிந்தது, மேலே சட்டி வெறுமையாகக் கிடந்து காய்ந்தது. ஒட்டாத சட்டிக்கு ஆகவே ஆகாதது இதுதான். வெறுஞ்சட்டியைப் பெரிய நெருப்பில் காயவிட்டால் உள்பூச்சு கெட்டு, மூக்கில் ஏறுகிற புகையாக வரும். இதைத்தான் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தேன், சொல்லிக்கொண்டிருக்கையிலேயே செய்தும் விட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு இருமிக்கொண்டு நிமிர்ந்தேன். முன்வரிசையில் நின்ற ஒரு பெரிய மனுசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஒட்டுதா ஒட்டல்லியா எண்டு பாக்கத்தான் நிண்ட புள்ள. இப்ப சட்டியே தெரியுதில்ல."

கட்டாரில் இருந்து சட்டி பார்த்தவர்

அந்தப் புகையை ஊர் மறக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆனால் ஒரு நன்மை, அதைப் பார்த்துச் சிரித்தவர்களே சட்டி கேட்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு தங்கச்சி, கையில் போன், போனுக்குள் கணவன். அவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வீடியோவில் நின்றபடி சட்டி தெரிவு செய்யத் தொடங்கினார். சட்டியை மேசையில் வைத்து ஆடுகிறதா பார் என்றார். அடி தட்டையாக இல்லாவிட்டால் கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது. விரலால் அடியைத் தட்டு என்றார். தகரச் சத்தம் கேட்டால் மெல்லிசு, பாரமாய் ஒரு சத்தம் கேட்டால் கனம். பிடி ஆடுகிறதா, மூடி இறுக்கமாய் இருக்கிறதா, ஊற்றுகிற வாய் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். எனக்கு அவரைக் கட்டாரில் இருந்து இறக்கி என் மூலையில் நிற்பாட்டிவிடலாம் போல இருந்தது. அவ்வளவு சரியான ஆள்.

கடைசியில் எந்த அளவு என்ற கேள்வி வந்தது. இருக்கிறதில் பெரிய சட்டியை எடு என்று அவர் பிடிவாதமாய் நின்றார். வீட்டில் இருப்பது அந்தத் தங்கச்சியும் பாலர் வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளையும்தான். ரெண்டு கோப்பைப் பாலுக்கும் ஒரு கரண்டிச் சொதிக்கும் பெரிய சட்டி என்றால் பாதி வெறுஞ்சட்டியாகத்தான் காயும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை, தான் லீவில் வந்தால் சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள் என்றார்.  அந்தத் தங்கச்சி சின்னச் சட்டியை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனைப் பார்த்துச் சொன்னது.

"ஆக்கிறதும் நான், கழுவுறதும் நான். நீங்க வாற மாசத்துக்குப் பெரிய சட்டிய அடுத்த வீட்டுல இரவல் வாங்குவம்."

ஆமினா மாமி கொண்டு வந்த பை

சாய்ந்தமருது ஆமினா மாமியைத் தெரியாத பெண் வீட்டார் இந்தக் கரையில் குறைவு. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு, வீட்டுக்குள் குசினி, குசினிக்குள் தேக்கரண்டி வரைக்கும் பெண் வீட்டார் பொறுப்பு. ஆகவே மகளுக்குக் கலியாணம் பேசினால் தாய்மார் மாமியிடம் போய்த்தான் என்ன சட்டி எடுக்கலாமென்று கேட்பார்கள். மாமியின் சொந்தக் குசினி அப்படி. சட்டிகளைச் சாம்பலும் தும்பும் போட்டு, அடிப்பக்கம் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து, சுவர்த் தட்டில் வரிசையாய்க் கவிழ்த்து வைத்திருப்பார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தாலும் கண் அந்தத் தட்டுக்குத்தான் போகும். இப்போது மாமியின் கடைசி மகளுக்கே கலியாணம் சரிவந்திருந்தது. அதற்காக என்னிடம் ஒரு ஒட்டாத சட்டி வாங்கிப் போயிருந்தார். மாமியே வாங்கிவிட்டார் என்று நான் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு வாரம் போகவில்லை, மாமி பையோடு வந்தார். பையைத் திறந்து சட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.  கறுப்பாய் இருக்க வேண்டிய உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. தாயும் மகளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, கடல் மணலும் இரும்பு நாரும் போட்டு, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் தேய்த்திருக்கிறார்கள். பூச்சு முழுவதும் போய் அடித்தகரம் வந்திருந்தது. அதில் பால் வைத்தார்களாம், பிடித்துக் கருகிவிட்டதாம். மாமி கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அவர் கோபப்படவேயில்லை. ஹாஜியாரும் பக்கத்தில்தான் நின்றார்.

"கரியோட தந்திரிக்கீங்க மகள், பரவாயில்ல, நான் தேய்ச்சு எடுத்திட்டன். இப்ப ஏன் ஒட்டுது எண்டு மட்டும் சொல்லுங்க."

பள்ளிக்கூடம்

அது கரியில்லை, அந்தக் கறுப்புத்தான் ஒட்டவிடாமல் செய்வது என்று மாமிக்கு எத்தனை விதமாய்ச் சொன்னேன். ஏறவில்லை. கறுத்த சட்டியை வைத்திருந்தால் கழுவத் தெரியாத வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லுவார்கள், என்னைக் கேட்கிற தாய்மாருக்கும் இனி வேண்டாமென்றுதான் சொல்லவேண்டி வரும் என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமி வேண்டாமென்றால் கலியாணக் காலத்தில் ஒரு பெண் வீட்டாரும் என் மூலைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குக் கவலை வந்தால் அது கொஞ்ச நேரத்தில் வேகமாக மாறிவிடும். அடுத்த நாளிலிருந்து மூன்று சட்டம் போட்டேன். சட்டி வாங்குகிறவர் யாராக இருந்தாலும், "சின்ன நெருப்பு, மர அகப்பை, ஆறின பிறகு மெல்லக் கழுவல்" என்று என்னிடம் திருப்பிச் சொன்னால்தான் சட்டியைக் கையில் கொடுப்பேன். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி வளையும், கம்பி நார் போட்டால் கீறும், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் நடுவில் ஒரு துணி வேண்டும் என்று மேலதிக பாடங்களும் உண்டு. அரசாங்க உத்தியோகத்தர்களும் சொன்னார்கள், ஓட்டோக்காரர்களும் சொன்னார்கள். புதுச்சட்டியைக் கழுவி, எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பாவியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மருதமுனைக்காரர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எண்ட கலியாணத்தன்டும் இவ்வளவு புத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல தங்கச்சி."

வெள்ளிக்கிழமைச் சட்டி

காரைதீவில் இருந்து ஒரு டீச்சர் வருவார். ஏற்கெனவே ஒரு ஒட்டாத சட்டி வாங்கி நன்றாகப் பாவித்துக்கொண்டிருந்தவர். இன்னொன்று, அதே அளவில் வேண்டுமென்றார். பழையது கெட்டுவிட்டதா என்று பயந்து கேட்டேன். இல்லை, அதில் மீன் ஆக்குகிறோம், வெள்ளிக்கிழமை சைவத்துக்கு வேறு சட்டி வேண்டும் என்றார்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இந்தச் சட்டியின் பெருமையே அதுதான் டீச்சர், உள்ளே ஒன்றும் ஊறாது, நேற்றுச் சூரைமீன் ஆக்கிய சட்டியில் இன்றைக்குப் பால் காய்ச்சினாலும் மணக்காது, ரெண்டாவது சட்டி உங்களுக்கு வீண் செலவு என்று விளக்கினேன். இப்றாகிம் காக்கா தூரத்தில் நின்று தலையில் கைவைத்தார். வாங்க வந்தவரை வாங்க வேண்டாமென்று சொல்லுகிற யாவாரியை அவர் கண்டதில்லை. டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிவப்பு நிறப் பிடி உள்ள ஒன்றைக் காட்டி அதைக் கட்டச் சொன்னார்.

"சட்டிக்கு நேத்து ஆக்கின மீன் மறந்திருக்கும் தங்கச்சி. எனக்கு மறக்கேல்லையே."

அலை எழும்பின நேரம்

அறுகம்பேயில் விடுதி நடத்துகிற பொத்துவில் தம்பி ஒருவர் சட்டிகளை மொத்தமாய் வாங்கிப் போவார். அவர் பையோடு வந்தால் நான் மட்டுமில்லை, இப்றாகிம் காக்காவும் எட்டிப் பார்ப்பார். அன்றைக்குக் கொண்டு வந்த சட்டியின் பிடி உருகி வளைந்திருந்தது, உள்ளே பூச்சு வெடித்து உரிந்திருந்தது. இனி அதில் ஆக்கக் கூடாது, பூச்செடிக்குத்தான் சரி என்றேன்.

சின்ன நெருப்புச் சட்டம் என்ன ஆனது என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். தம்பி சண்டைக்கு வரவில்லை. அவருடைய சமையல்காரப் பொடியன் கைகாரன், வெள்ளைக்காரர்களுக்கு அப்பம் மாதிரி மெல்லிசாய் ஏதோ சுட்டுக் கொடுப்பானாம், அவர்கள் படம் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். சட்டங்களும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் குசினி யன்னலால் கடல் தெரியும். நல்ல அலை எழும்பினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் அலையில் சறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானாம். காசு திருப்பிக் கேட்க வரவில்லை, இன்னொரு சட்டி எடுக்கத்தான் வந்தேன் என்று சொன்னபோது எனக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

"ஒட்டாத சட்டி தந்தீங்க ராத்தா, அது சரி. அலையக் கண்டா ஓடாத சமையல்காரன் ஒருத்தன் உங்கட கடையில இரிக்கானா?"

விளிம்பில் ஒரு தட்டு

எல்லாச் சட்டத்தையும் ஒப்புவித்தவர்களின் சட்டியிலும் ஒரே இடத்தில் பூச்சு உடைந்து வருவதைக் கவனித்தேன். அடியில் இல்லை, பக்கத்தில் இல்லை, விளிம்பில். ஏனென்று பிடிபடவேயில்லை. பிறகு ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டில் கறி கொதிக்கிற நேரம் போய் இருந்தேன். கறியைக் கிளறிவிட்டு, கரண்டியை எடுத்துச் சட்டி விளிம்பில் டக், டக் என்று தட்டினார்கள். கரண்டியில் ஒட்டின கறி சட்டிக்குள் விழ வேண்டுமல்லவா. நான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் துள்ளி எழும்பினேன். கண்டுபிடித்துவிட்டேன். இந்தக் கரையில் கரண்டி பிடிக்கிற எந்தக் கையும் தட்டாமல் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அன்று முதல் நாலாவது சட்டம் வந்தது: விளிம்பில் தட்டாதீர்கள், பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கானை வைத்து அகப்பையை அதில் கிடத்துங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், தலையாட்டிக்கொண்டே கையைத் தட்டுகிற மாதிரி ஆட்டுவார்கள். கடையில் மத்தியானம் தேத்தண்ணி போடுகிற இப்றாகிம் காக்காவைக்கூட நான் விடவில்லை. சீனி கலக்கிவிட்டுக் கரண்டியைத் தூக்கினார், நான் பார்த்தேன், கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார்.

"தாளம் போடாம இறக்கின தேத்தண்ணி எப்பிடிப் புள்ள ருசிக்கும்?"

தொதல் சோதனை

பெருநாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. சட்டி திரும்பி வருவது நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் பெண் வீட்டார் யாரும் என் பக்கம் வரவில்லை. ஆமினா மாமியின் சொல் ஊரில் வேலை செய்கிறதென்று தெரிந்தது. இருந்து பார்க்க எனக்குப் பொறுமையில்லை. ஒரு புதுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் சாய்ந்தமருதுக்குப் போய் மாமியின் கதவைத் தட்டினேன். உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள் மாமி, எது கூடுதலாய் ஒட்டுமோ அதை ஆக்குங்கள், ஒட்டினால் இனி இந்த வாசலுக்கு வரமாட்டேன் என்றேன். மாமி சட்டியைக் குசினிக்குள் கொண்டு போனார். தொதல் கிண்டுவோம் என்றார். சர்க்கரைப் பாகும் கட்டித் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சேர்ந்து பிடிக்கிற பிடியில் பெரிய தாச்சிகளே தோற்றுப் போகும். சிரித்துக்கொண்டு சரி என்றேன்.

நான் கொண்டு போன மரக்கரண்டியை மாமி தொடவில்லை, தன்னுடைய சிரட்டை அகப்பையை எடுத்தார். அதைவிடத் திறமானது கிடையாது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சின்ன நெருப்பில் கிண்டினார். பாகு இறுகியது, எண்ணெய் பிரிந்தது, ஒரு கட்டத்தில் தொதல் முழுவதும் ஒரே உருண்டையாய்த் திரண்டு சட்டிக்குள் வழுக்கி ஓடத் தொடங்கியது. அடியில் ஒன்றும் பிடிக்கவில்லை. மகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். மாமியின் முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆச்சரியம். மறுபடி மறுபடி உருட்டிப் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்தார், கை விளிம்பை நோக்கி இறங்கியது. நான் பாய்ந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இந்தக் கரையில் மாமியின் கையை அடுப்படியில் பிடித்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். 

"பழகின கை மகள், அது தட்டத்தான் பாக்கும். விடுங்க, பீங்கான எடுங்க."

அதுட நிறம்

மாமி அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டார். ஆனால் தொதல் நன்றாக வந்தது வேறு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கறுத்த சட்டியை வைப்பது வேறு. பெருநாளுக்கு முதல் வாரம் நிந்தவூரில் இருந்து அவர்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. கேள்வி வந்தால் பதில் சொல்ல நீங்கள் நிற்க வேண்டும் என்று மாமி என்னையும் கூப்பிட்டிருந்தார். அவர்கள் முகம் சுளித்தால் மாமியின் பெயரும் போகும், என் மூலையும் போகும். சட்டியை மாமி அலுமாரிக்குள் ஒளித்திருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால், தட்டில் மின்னுகிற அலுமினியச் சட்டிகளுக்கு நடுவில், வாய் மேலே பார்க்க, கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து, கறுப்புச் சட்டி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேனில் வந்து இறங்கிய பெண்கள் தேத்தண்ணி குடித்தார்கள், யன்னலைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், கடைசியில் குசினிக்குள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு விரலைச் சட்டிக்குள் விட்டு ஒரு இழு இழுத்து, விரலில் கரி இருக்கிறதா என்று பார்த்தார். இது மட்டும் ஏன் மதினி கறுத்துப் போய் இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், மாமி கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். சின்ன நெருப்பு, மர அகப்பை, ஆறின பிறகு மெல்லக் கழுவல், விளிம்பில் தட்டக் கூடாது என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பிறகு சட்டியைத் துணியோடு எடுத்து மாப்பிள்ளையின் தாயின் கையில் கொடுத்தார்.

"அது அழுக்கில்ல மதினி, அதுட நிறமே அதுதான். தேய்ச்சிக் கெடுத்தது நான், இப்ப தேய்க்காம வெச்சிரிக்கிறதும் நான்."

நிந்தவூரிலிருந்து பைகள்

 மாப்பிள்ளையின் தாய் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். முகம் சரியில்லாமல்தான் வேனில் ஏறினார். அந்த முகத்துக்கு என்ன அர்த்தமென்று நான் வீட்டுக்குப் போயும் யோசித்துக்கொண்டே இருந்தேன். பெருநாளுக்கு முதல் நாள் கடையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்குள்ளால் அவரும் அவருடைய தங்கச்சிமாரும் வருவதைக் கண்டேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் இருப்பது சட்டிதான் என்று உருவத்திலேயே தெரிந்தது. ஹாஜியாரும் கண்டுவிட்டார். தவணை முடிகிற நாளில் இத்தனை சட்டி ஒன்றாய்த் திரும்பி வருகிறதே, முடிந்தது கதை என்று நினைத்தேன். பைகளை மேசையில் வைத்துத் திறந்தார்கள். எல்லாம் ஒட்டாத சட்டிகள், எல்லாம் உள்ளே வெள்ளி மாதிரி மின்னின. அத்தனை பேரும் எப்போதோ வாங்கி, கரியென்று நினைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் தாய் மேசையில் குனிந்து, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி மெதுவாய்க் கேட்டார்: "திருப்பித் தர வரல்ல மகள். போன கறுப்ப மறுகாப் போட்டுத் தரேலுமா?" நான் சிரிக்கவில்லை, அல்லாஹ் அறிய நான் சிரிக்கவில்லை. ஏலாது, போனது போனதுதான், இது இனிக் கோழிக்குத் தண்ணி வைக்கத்தான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு ஆளுக்கொன்று புதிதாய் எடுத்துக்கொண்டு, மூன்று சட்டங்களையும் நாலாவதையும் நான் கேட்காமலேயே ஒன்றாய் நின்று ஒப்புவித்தார்கள். கூட்டத்தில் நின்ற வேறு பெண்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். மாமி வீட்டில் இருக்கிற கறுப்புச் சட்டி எது என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் கேட்டார், என் மூலையில் நிற்க எனக்கே இடமில்லாமல் போய்விட்டது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், இப்றாகிம் காக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"காக்கா, பில் மேசைக்கு வேற ஒரு ஆளத் தேடுங்க."

சட்டியில் ஒன்றும் ஒட்டாமல் இருந்தால் போதுமென்று இந்த மூலைக்கு வந்த எனக்கு, இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் குசினிக்குள் எட்டிப் பார்த்துச் சட்டியில் கறுப்பு இருக்கிறதென்று கண்டால்தான் அவர்கள் தருகிற தேத்தண்ணி தொண்டையில் இறங்குகிறது.